கவிழ்த்து வைத்த அண்டா

பஸ்கள் எல்லாம் ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அந்தக் கடைக்கு முதலாளி வேறு யாருமில்லை, அடுப்புதான். செங்கலும் களிமண்ணும் வைத்துக் கட்டிய மூன்று கண் அடுப்பு. பாத்திரங்கள் எல்லாம் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

அண்ணாச்சியிடம் வேலைக்கு இருந்தவர்களில் மூத்தது சாம்பார் வைக்கிற பெரிய பித்தளை அண்டா. கடை திறந்த அன்றைக்கே வந்தது. அண்ணாச்சி முதன்முதலில் தீ மூட்டியதே அதன் அடியில்தான். அடுத்து வந்தது பரோட்டாக் கல். வாய்த்துடுக்கு உண்டு, மனசில் ஒன்றும் கிடையாது. சோற்றுப் பானையும் இட்லிக் கொப்பரையும் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற பிறவிகள். கரண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லாப் பாத்திரத்துக்குள்ளும் போய் வருகிற உத்தியோகம். ஒருத்தர் வயிற்றில் இருப்பதை இன்னொருத்தர் காதில் போடாவிட்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கழுவிய பாத்திரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அடுத்த வேளைக்கு அதற்கு வேலை உண்டு என்று அர்த்தம். வேலை இல்லாத பாத்திரத்தைப் பார்த்து அண்ணாச்சி, "நீ இன்னைக்குக் கவுந்துக்கோ" என்பார். அது பலகையில் போய்க் கவிழ்ந்துகொள்ளும். மறுநாள் நிமிர்ந்துவிடும். இதில் யாருக்கும் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

இப்படி இருக்கையில் ஊருக்கு வெளியே பைபாஸ் வந்தது. சித்திரையில் திறந்தார்கள். அன்றோடு பஸ்கள் ஊருக்குள் திரும்புவதை நிறுத்திவிட்டன. இலை போட இடமில்லாமல் ஆட்கள் நின்ற கடையில், மதியத்துக்கு நாலு பேர் வந்தால் அதிசயம். விறகு வண்டி வாசலில் நின்று இறக்கியது போய், சைக்கிளில் ஒரு கட்டு வந்தது. அந்த ஒரு கட்டுக்கு ஒரு கண்தான் எரியும். மற்ற இரண்டு கண்ணும் சாம்பல்கூட இல்லாமல் சில்லென்று கிடந்தன.

அண்ணாச்சி ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அண்டாவையும் பரோட்டாக் கல்லையும் வைத்திருக்க முடியாது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவ்வளவு பெரிய அண்டாவில் நாலு பேருக்குச் சாம்பார் வைத்தால் அடியைக்கூட நனைக்காது. கல்லோ, சூடேறுவதற்குள் பாதி விறகைத் தின்றுவிடும். இரண்டு பேரையும் அனுப்பியே ஆகவேண்டும். ஆனால் அதை யார் சொல்வது?

எரிகிற நெருப்பை வயிற்றில் வைத்திருக்கிற மனுஷருக்கு அண்டாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு காலையிலும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அண்டா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வந்து, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என்ன வைக்கணும்?" என்று கேட்கும். அவ்வளவுதான், சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிடுவார். அப்புறம் தனக்குத்தானே சமாதானம். வெள்ளிக்கிழமை போகச் சொல்லி வாயால் சொல்லலாமா? செவ்வாயும் ஆகாது. புதன் பார்த்தால் அஷ்டமி. சரி, இந்த மாசம் போகட்டும் என்று இருந்தால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்லவன் எவனாவது இப்படி ஒரு பேச்சை எடுப்பானா? நாள் பார்ப்பதற்கு என்றே பிறந்தவர் போல அண்ணாச்சி நாள் பார்த்தார். சொன்னால் என்ன ஆகும் என்ற பயத்தில் ராத்தூக்கம் போயிற்று. பகலில்தான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். "நீ ரொம்ப வருசமா உழைச்சவன், கொஞ்ச நாளைக்குக் கவுந்து ரெஸ்ட் எடு" என்று அண்டாவிடம் சொன்னார். அண்டாவுக்குச் சந்தோஷம். போய்க் கவிழ்ந்துகொண்டது. மறுநாள் நிமிரப் பார்த்தபோது, இன்னைக்கும் இருக்கட்டும் என்றார். அதற்கு மறுநாளும் அப்படியே. இரண்டு வாரம் கழித்துக் கல்லுக்கும் அதே மரியாதை நடந்தது.

அதோடு விட்டாரா? கரண்டியைக் கூப்பிட்டு, நீ எல்லார்கிட்டயும் பழகுற ஆள், விஷயத்தை அவங்க ரெண்டு பேர் காதிலும் பக்குவமா போட்டுவிடு என்றார். அவருக்கே வராத தைரியம் கரண்டிக்கு எங்கிருந்து வரும்? போயிற்று. அண்டா பக்கத்தில் நின்று தலையைச் சொரிந்தது. திரும்பி வந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? பானையிடம் போய், "அண்ணாச்சி யாரையோ அனுப்பப் போறாரு, யாருன்னு நான் சொல்லக்கூடாது" என்றது. கொப்பரையிடமும் அதையே சொன்னது. கல்லிடமும் சொன்னது. அண்டாவிடம் மட்டும் அதற்கு நாக்கு எழவில்லை.

அன்றைக்குப் பிடித்தது கடைக்குக் கிலி.

யார் என்று தெரிந்திருந்தால் இரண்டு பேர் அழுதிருப்பார்கள், மற்றவர்கள் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். யார் என்று தெரியாததால் ஒவ்வொன்றும் அது தான்தான் என்று நினைத்துக்கொண்டது. அண்ணாச்சி இருமினால் எல்லாம் திரும்பிப் பார்க்கும். புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் இருந்தது மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளும். முன்னெல்லாம் கடையே அதிரும்படி பேசிச் சிரித்த பாத்திரங்கள், அண்ணாச்சி கண்ணைத் திறந்ததும் கப்சிப் என்று ஆகிவிடும். ஒருநாள் அவர் நல்ல எண்ணத்தில் பானையைப் பார்த்து, இன்னைக்குச் சோறு பதமா வெந்திருக்கு என்றார். பானைக்கு அன்று முழுக்கக் கஞ்சி இறங்கவில்லை. இத்தனை வருஷம் புகழாதவர் இப்போது ஏன் புகழ்கிறார் என்று கொப்பரையிடம் கேட்டுக் கேட்டு மாய்ந்துபோயிற்று.

கொப்பரை அதைவிட மோசம். இறங்கினால் கழுவுவார்கள், கழுவினால் கவிழ்ப்பார்கள், கவிழ்த்தால் அத்தோடு முடிந்தது என்று அதற்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அடுப்பின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. இட்லி வெந்து, தண்ணீர் வற்றி, அடி கருகிப் புகை வந்தது. அப்போதும் இறங்கவில்லை. அந்த இட்லியைப் பிய்த்துப் பார்த்த டிரைவர் ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். வந்துகொண்டிருந்த நாலு பேரில் ஒருவர் குறைந்தார்.

கல்லோ பலகையில் கிடந்தபடியே யார் கடந்து போனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. பழைய இரும்புக்காரர் தெருவில் கூவினால் அதற்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும். அவரை அண்ணாச்சிதான் வரச் சொல்லியிருக்கிறார் என்று நம்பிவிட்டது.

பயப்படாதது அண்டா ஒன்றுதான். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஓய்வு என்று அண்ணாச்சி சொன்னார், ஓய்வில் இருக்கிறோம் என்று பலகையில் நிம்மதியாகக் கவிழ்ந்து கிடந்தது.

அண்ணாச்சிக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சாப்பாடு ஏன் இப்படி ஆகிறது, ஏன் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாரும் சேர்ந்துகொண்டு நம்மைக் கவிழ்க்கப் பார்க்கிறார்களா? தான் வாயைத் திறக்காததால் வந்த வினை இது என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நம் புத்தி அப்படித்தானே!

ஐப்பசியில் ஒருநாள் மதியம். கொப்பரை அணைந்த கண்ணுக்கு நகர்ந்ததே தவிர அடுப்பை விட்டு இறங்கவில்லை. எரிகிற ஒரே கண்ணில் பானை உட்கார்ந்திருந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. பானையின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. முன்னெல்லாம் என்றால் அன்றைக்கே ஓடிவந்து, அண்ணாச்சி ஒழுகுது, ஓட்டை அடைக்கிறவரைக் கூப்பிடுங்க என்று சொல்லியிருக்கும். இப்போது சொல்லுமா? வடித்த கஞ்சியை அப்பி ஓட்டையை அடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது.

கஞ்சிப் பசை எத்தனை நாள் தாங்கும்? கொதியில் விட்டுக்கொண்டது. சொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு உலைத் தண்ணீர் மொத்தமும் படீரென்று நெருப்பில் இறங்கியது. சீறிக்கொண்டு சாம்பலும் ஆவியும் கூரை வரை எழும்பின. பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விழுந்தன. அண்ணாச்சிக்குக் கண் இருண்டது. இரண்டு கண் ஏற்கெனவே குளிர்ந்து கிடந்தது, இப்போது மூன்றாவதும் போயிற்று. கடை திறந்த நாளிலிருந்து ஒருநாள்கூட முழுக்க அணையாத அடுப்பு அது. குளிர் உள்ளே ஏறுவதை அவர் முதல் தடவையாக உணர்ந்தார். செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தார்.

நல்லவேளை, ஒரு மூலையில் ஈரம் படாத ஒரு கங்கு மட்டும் மினுக்மினுக்கென்று இருந்தது. கரண்டி பதறிப்போய் அதன்மேல் சருகை அள்ளிப் போட்டு ஊதியது. மெல்லப் பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் உயிர் வந்ததும் அண்ணாச்சி பானையைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயெடுத்தவருக்கு அழுகைதான் வந்தது.

"ஓட்டை விழுந்ததை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

பானை சொன்னது: "சொன்னா கவுத்துருவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணாச்சி. நீங்க மட்டும் எங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னீங்களா?"

பானை இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லும் என்று பானையே நினைத்திருக்காது. அண்ணாச்சி அன்று என்ன கிழமை, என்ன திதி என்று எதுவும் பார்க்காமல் எல்லாரையும் கிட்டே வரச் சொன்னார்.

"உங்க யார் மேலயும் குத்தம் இல்ல" என்று ஆரம்பித்தார். "பஸ் வரல, விறகு வரல. இனிமே ஒரு கண்தான் எரியும். பானையும் கொப்பரையும் கரண்டியும் இங்கதான் இருப்பீங்க. அண்டாவையும் கல்லையும் வச்சுக்க என்னால முடியல. இதைச் சித்திரையிலேயே நான் என் வாயால சொல்லியிருக்கணும். பயந்து போயிட்டேன்."

சொல்லி முடித்ததும் கொப்பரை பிடித்திருந்த விளிம்பை விட்டது. தானாக இறங்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டது. கருகிய அடியைத் தேய்த்துக்கொண்டே அழுதது. தான் தப்பித்ததற்கு அழுகிறதா, கல்லுக்காக அழுகிறதா என்று அதற்கே தெரியவில்லை.

கல்தான் பொரிந்து தள்ளியது. பழைய இரும்புக்காரர் குரல் கேட்கும்போதெல்லாம் தான் செத்துச் செத்துப் பிழைத்ததைச் சொன்னது. அது ஓய்ந்த பிறகு அண்ணாச்சி, பைபாஸ் முக்கில் புதிதாக ஒரு பரோட்டாக் கடை வருவதாகவும், தானே அங்கே பேசுவதாகவும், உன் சூடு எப்படி நின்று பிடிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார். இடம் கிடைக்கிற வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறிக்கொள், விறகை நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்றார். கல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தக் கடை எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டது. பல மாதத்துக்குப் பிறகு அதன் குரல் அன்றைக்குத்தான் நடுங்காமல் வந்தது.

எல்லாரும் அப்போதுதான் அண்டாவை நினைத்தார்கள். இத்தனை அமளியிலும் அது பலகையில் கவிழ்ந்தபடியே கிடந்தது. கேட்டிருக்காது என்று கரண்டி நினைத்தது. அண்ணாச்சிக்கும் அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் கூப்பிட்டார்.

"அண்டா, நிமிந்துக்கோ. உன் மொகத்தைப் பாத்துச் சொல்லணும்."

அண்டா மெல்ல நிமிர்ந்தது. உள்ளே ஒட்டடை பிடித்திருந்தது, பளபளப்பெல்லாம் போய்ப் பச்சை பூத்திருந்தது. எல்லாம் கேட்டது என்று தலையை ஆட்டியது. கோபப்படும், கத்தும் என்று அண்ணாச்சி காத்திருந்தார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை தாங்காமல் அவரே அவசரமாகப் பேசினார். வடக்குத் தெருக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தச் சமையலுக்குப் பெரிய அண்டா தேடுவதாகக் கேள்விப்பட்டேன், உன்னை மாதிரி ஒருத்தன் அவர்களுக்கு எங்கே கிடைப்பான், நாளைக்கே நான் ஆள் அனுப்பிச் சொல்கிறேன் என்றார்.

"அங்க வேற அண்டா வந்துருச்சு அண்ணாச்சி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆடிக் கடைசியில என்னையத்தான் முதல்ல கேட்டு வந்தாங்க. நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க. நான் இல்லாம எங்க அண்ணாச்சி ரொம்பச் சிரமப்படுவாருன்னு சொல்லி, நான்தான் அவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்."