ஏழும் மூன்றும்

மாலத்தீவுக்காரன் இதிரீஸ் கப்பல் உடைந்து கரையொதுங்கியவன். பல வருடங்களாக ஜமீன்தார் வீட்டில் வெறும் சோற்றுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்லை. மாலத்தீவுக் கப்பல் துறைக்கு வரும்போதெல்லாம் ஜமீன்தாரிடம் விடை கேட்பான். அவர் சோசியரைப் பார்ப்பார். சோசியர் சோழிகளை உருட்டி, "இப்போது கடலேறினால் உயிருக்கு ஆபத்து" என்பார்.

இந்த முறை கப்பல் தலைவரும் கூட வந்திருந்தார். சோசியர் சோழிகளை உருட்டி அதையே சொன்னார்.

"சாமி, இன்னொரு தரம் போடுங்க," என்றான் இதிரீஸ்.

சோசியர் மறுபடி உருட்டினார். "அதேதான். போகக்கூடாது."

"முதல்ல ஏழு சோழி மல்லாந்து கெடந்துச்சு. இப்ப மூணு. எப்படி விழுந்தாலும் ஒரே பதில்னா சோழி எதுக்குங்க? எங்க தீவுல இதைக் கொடுத்துத்தான் மீன் வாங்குவோம். அங்க ஏழும் மூணும் ஒண்ணில்லீங்க."

கப்பல் தலைவர் சிரித்துவிட்டார். ஜமீன்தார் முகம் சுண்டிப்போனது. "சரி, போ," என்றார்.

கப்பல் கிளம்பியது. மாலுமிகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து, தாயார் பெயரென்ன என்று தீவு மொழியில் கேட்டார்கள். கேள்வி அவனுக்குப் புரிந்தது. ஆனால் வாயில் தமிழ்தான் வந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.