சிறைக்குப் போன ராஜாவின் வலது கால்

வேங்கைப்பாடியை ஆண்ட மாகாளிவர்ம ராஜாவுக்கு வயசு ஏறிவிட்டது என்று ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அறுவடை முடிந்ததும் விளைந்ததை எல்லாம் ஊர் மந்தைவெளியில் குவித்து வைப்பார்கள். ராஜா அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்தால்தான் அடுத்த வெள்ளாமை நன்றாக வருமாம்.

அந்த வருஷம் பூசணிக்காய் காய்த்துத் தள்ளிவிட்டது. குவியல் ராஜாவின் மார்புக்கு வந்துவிட்டது.

"நாலு காயை இறக்கிடலாமா மன்னா?" என்று மந்திரி மெல்லக் கேட்டார்.

"யாரைப் பார்த்து என்ன கேட்கிறீர்?" என்று ராஜா மீசையை முறுக்கினார். காலை ஒரு தரம் நீட்டி மடக்கக்கூட இல்லை. பல்லக்கில் இருந்து இறங்கினார், ஓடினார், எம்பினார்.

'படக்!'

வலது கெண்டைக்காலில்தான் அந்தச் சத்தம். ராஜா பூசணிக்காய்களோடு பூசணிக்காயாக உருண்டார். "ஐயோ! எவனோ பின்னாலே கல்லால அடிச்சிட்டான்!" என்று அலறினார். திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை.

"இந்தக் குவியலை அடுக்கினது யார்?"

தோட்டக்காரி அங்காயி முன்னால் வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை.

"என்னை விழவைத்த இவளை நாடு கடத்துங்கள்!"

அப்போது சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன சடையாண்டி கும்பிட்டபடி வந்தான்.

"கடத்தலாம் மன்னா. முதலில் ஒரு சின்ன விசாரணை. பூசணிக்காய் உங்கள் மேல் பாய்ந்ததா?"

"இல்லை."

"உங்கள் இடது கால் என்ன செய்தது?"

"மேலே எழும்பியது."

"வலது கால்?"

"அதுதான் பாதியில் கைவிட்டுவிட்டது!"

"உங்கள் உப்பைத் தின்று வளர்ந்த கால். ஊரே பார்க்கும்போது காலை வாரியிருக்கிறது. இது ராஜதுரோகம் மன்னா! குற்றவாளி அங்காயி இல்லை, உங்கள் வலது கால். அதைச் சிறையில் போடுங்கள்."

கோபத்தில் இருந்த ராஜாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "போடு! ஆனால் சடையா, திருந்தி வெளியே வரும்போது அது ஒழுங்காக நடக்க வேண்டும். நடக்காவிட்டால் இவளோடு நீயும் நாட்டை விட்டுப் போக வேண்டும். அதுவரை இவள் அரண்மனையிலேயே இருக்கட்டும்."

ராஜாவின் படுக்கையறையிலேயே சிறை தயாரானது. கைதி தப்பி ஓடாமல் இருக்கத் தலையணைகளை மலைபோல அடுக்கி, அதன் உச்சியில் காலை வைத்தான் சடையாண்டி. விலங்குக்குப் பதில் துணிக்கட்டு. விரல் மரத்துப் போகாத அளவுக்கு இறுக்கம். "துரோகிக்குச் சுடுதண்ணீர் மரியாதை கிடையாது" என்று மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியை அவ்வப்போது சுற்றி எடுத்தான். இரண்டு பக்கமும் ஈட்டியோடு காவலர்கள்.

கொஞ்ச நேரத்தில் ராஜா எழுந்திருக்கப் பார்த்தார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"அடேய், நான் ராஜா!"

"நீங்க எங்க வேணும்னாலும் போகலாம் சாமி. கைதி மட்டும் வரக்கூடாது."

ராஜா யோசித்துப் பார்த்தார். மறுபடியும் படுத்துவிட்டார்.

மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அங்காயி, "சாமி, காலை ஆட்டாதீங்க சாமி. என் குடும்பமே உங்க கால்லதான் தொங்குது" என்றாள்.

இதெல்லாம் மல்லர் தலைவன் வீரபுஜனுக்குப் பொறுக்கவில்லை. சுளுக்கு எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு நினைப்பு. போன வருஷம் சேனாதிபதியின் கணுக்காலை அவன் இழுத்துவிட்டான். சேனாதிபதி இன்றைக்கும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கிறார். கொதிக்கிற எண்ணெயோடு வந்து நின்றான் வீரபுஜன்.

"மன்னா, ஒரே இழு! ஒரே நீவு! சரியாகிவிடும்."

"கைதியைப் பார்க்க அனுமதி இல்லை" என்றான் சடையாண்டி.

"போடா! உனக்கு வைத்தியம் தெரியுமா?"

"தெரியாது. உன் மேல்துண்டைக் கொஞ்சம் கொடு."

வாங்கினான். நடுவில் 'பர்ர்' என்று பாதி கிழித்தான். ஒரு முனையை வீரபுஜனிடம் கொடுத்தான். "இப்போ இழு. ஒட்டுதா பார்ப்போம்."

வீரபுஜன் வேகத்தில் இழுத்தேவிட்டான். துண்டு இரண்டானது.

"உள்ளே சதை நார் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது மன்னா. இழுக்கச் சொல்லட்டுமா?"

"ஐயையோ! காவலா, அந்த எண்ணெய்ச் சட்டியை வெளியே கொண்டு போ! ஆளையும் சேர்த்து!"

வலி குறைந்து, வீக்கமும் வடிந்தது. கைதிக்குச் சலுகைகள் வந்தன. முதலில் படுத்தபடியே பாதத்தை மெல்ல ஆட்டலாம். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். அப்புறம் காவலர் தோளைப் பிடித்து முற்றத்தில் உலாவலாம். அப்புறம் தடியூன்றி நடக்கலாம். அவசரப்பட்டு ஒருநாள் ராஜா ஓடிப் பார்த்தார். கால் சுரீரென்றது. "சிறையில் கலகம்!" என்று சடையாண்டி மறுபடியும் அதைத் தலையணை மேல் ஏற்றிவிட்டான்.

கடைசியில் ஒரு காலை, தடி இல்லாமல் சபை முழுக்க நடந்து காட்டினார் ராஜா. நொண்டல் இல்லை. நடந்தபடியே போய்ச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தார். அங்காயிக்கு மூச்சு வந்தது.

"சடையா, என் கால் திருந்திவிட்டது. விடுதலை செய்!"

"செய்யலாம். ஆனால் சட்டப்படி ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டுமே."

ராஜா சபையைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ராஜாவின் காலுக்கு யார் பொறுப்பேற்பது?

"என் காலுக்கு நானே ஜாமீன்!" என்றார் ராஜா கம்பீரமாக.

"நல்லது மன்னா. இனி அது கண்டபடி குதித்தால் அதைப் பிடிக்க மாட்டோம். ஜாமீன் நின்றவரைத்தான் முழுசாக உள்ளே போடுவோம்."

ராஜா விழித்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றினார். "அங்காயிக்கு ஒரு வண்டி கட்டி, சீரோடு வீட்டுக்கு அனுப்புங்கள்! சடையா, இந்த மாலை உனக்கு!" என்று உற்சாகத்தில் சிம்மாசனத்தில் இருந்து ஒரே தாவாகத் தாவப் பார்த்தார்.

இரண்டு காவலர்களும் ஒன்றாகத் தொண்டையைக் கனைத்தார்கள்.

ராஜா நின்றார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கி வந்து சடையாண்டியின் கழுத்தில் மாலையைப் போட்டார்.