காடை வீட்டுக்கு மெத்துன்னு ஒரு கூரை

ஒரு ஊர்ல ஒரு பட்டறைக்காரன் இருந்தானாம். இரும்புப் பட்டறை. ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கேட்டு, எல்லாம் அடிப்பான். ஏட்டி வடிவு, கதையே இப்பத்தான ஆரம்பிச்சிருக்கேன், அதுக்குள்ள தலைமாட்டுல என்னத்தைத் தேடுற? உன் தூளிச் சேலையா? தொட்டில்ல கெடந்த நாள்லேருந்து அதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவ, தெரியும். மாமா வீட்டுக்குப் போகும்போது நீதானே அதை மறந்து வச்சுட்டுப் போன? இருக்கு, எங்கயும் போயிடல. கதை முடியும்போது தெரியும். இப்பப் படு. ம் கொட்டு. ம் கொட்டலைன்னா அத்தை தூங்கிருவேன்.

ஆங், பட்டறைக்காரன். பேரு என்னவா? பேரு... கோமதிநாயகம்னு வச்சுக்கயேன். உங்கப்பா பேரு அதில்லல்ல? அப்புறம் என்ன, பேசாம கேளு.

அந்தக் கோமதிநாயகத்துக்குக் கை நல்ல வேலைக்காரக் கை. ஆனா வாய் இருக்கே, வாய்! "நான் அடிச்ச கேட்டுல யானை வந்து முட்டுனா யானைக்குத்தான் தலை வலிக்கும்"பான். அவனுக்கு ஒரு அக்கா. அழகுன்னா அழகு, புத்தின்னா புத்தி. எதுக்குச் சிரிக்கிற? அந்த அக்காவும் எத்தனையோ வாட்டி சொல்லிட்டா, "அடுத்தவங்க சொல்றதையும் கொஞ்சம் காதுல வாங்குடா"ன்னு. எங்க கேட்டான்.

அவனுக்கு ஒரே ஒரு மக. பரீட்சை லீவுக்கு ஊருக்குப் பஸ் ஏறும்போது அவ, "அப்பா, நான் திரும்பி வரும்போது வீட்டுல காடை இருக்கணும். முட்டை போடுற காடை"ன்னு கேட்டா. இவனும், "மாளிகை கட்டியே குடி வச்சிருப்பேன், நீ வந்து பாரு"ன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டான். என்னது, நீயும் கேட்டியா? எல்லாப் பிள்ளையும்தான் காடை கேக்கும். ம் கொட்டு.

அப்புறம் அவன் காடைப் பண்ணைக்குப் போனான். பண்ணைக்கார அண்ணாச்சி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில பத்துக் காடை எடுத்து வச்சாரு. உள்ள ஒரே கீச்சு கீச்சு, கிர்ரு கிர்ரு. அண்ணாச்சி, "தம்பி, கூண்டு கட்டும்போது கூரை விஷயத்துல மட்டும்..."னு ஆரம்பிச்சாரு. இவன் எங்க முடிக்க விட்டான்! "அண்ணாச்சி, எனக்கேவா? பஸ் ஸ்டாண்டு கேட்டே நம்ம கைவேலை!"ன்னு சொல்லிட்டு வண்டியை உதைச்சான். டுர்ர்ர்ருன்னு கிளம்பிட்டான்.

அப்போ கொல்லையில வேலை ஆரம்பிச்சுது பாரு. கம்பி அறுக்கிறது கிர்ர்ர்ர்! பத்த வச்சு ஒட்டுறது ஸ்ஸ்ஸ்ஸ்! சுத்தியல் டங்கு டங்கு டங்கு! தெருவே காதைப் பொத்திக்கிச்சு. மூணாம் நாள் பாத்தா, அடேயப்பா! மயில் டிசைன் போட்ட கம்பி, ரெண்டு பக்கமும் தூணு, முன்னால கேட்டு, கேட்டுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்குப் பூட்டு. கல்யாண மண்டபம் தோத்துப்போகும். பத்துக் காடையையும் உள்ள விட்டு, கேட்டைச் சாத்தி, பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்புல முடிஞ்சுகிட்டான். திரும்பிக் கீழ பாக்குறான், பத்துக் காடையும் அவன் கால்கிட்ட நிக்குது!

சிரி, சிரி. மயிலோட வாலுக்கும் கழுத்துக்கும் நடுவுல நீயே நுழைஞ்சு வரலாம், காடைக்கு என்ன? வரிசையா நடந்து வந்துருச்சு. அப்புறம் புடி புடின்னு ஒரே ஓட்டம். செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில ரெண்டு, அண்டா மறைவுல ஒன்னு, அக்கா சேலைக்குள்ள ஒன்னு! அந்த அக்கா ஆடுன ஆட்டம் இருக்கே... அது இந்தக் கதையில இல்ல. ஒன்பது கிடைச்சுது. ஒன்னு பக்கத்து வாழைத்தோப்புக்குள்ள புகுந்து போனது போனதுதான்.

"மக வர இன்னும் பதினோரு நாளு இருக்கு"ன்னான். மறுபடியும் கிர்ர்ர், ஸ்ஸ்ஸ், டங்கு. இந்தத் தடவை சுத்திலும் பொடிக் கண்ணு வலை. எறும்புதான் போகலாம். "இப்ப என்ன சொல்ற?"ன்னான் அக்காகிட்ட. அக்கா, "தரைக்கு என்னடா போட்ட?"ன்னா. "தரைக்கா? தரை தரையாத்தான் இருக்கும்"னான். ம் கொட்டு மக்கா, இங்கதான் விஷயமே.

அன்னிக்கு மத்தியானம் சோத்துல ரசம் ஊத்துற நேரம். கொல்லையில பர்ர்ர்... பர்ர்ர்னு ஒரு சத்தம். கீரிப்பிள்ளை! வலையைத் தொடவே இல்ல அது. வெளியே இருந்து மண்ணைப் பறிச்சுப் பறிச்சு, அடியால குனிஞ்சு உள்ள போயிருச்சு. இவன் எச்சிக் கையோட "ஏய்! ஏய்!"னு ஓடுறான், அக்கா கரண்டியோட ஓடுறா, தட்டு ஒரு பக்கம் உருளுது, ரசம் ஒரு பக்கம் ஓடுது. கீரி வேலி தாண்டிருச்சு. எண்ணிப் பாத்தா ரெண்டைக் காணோம்.

இப்ப எத்தனை மிச்சம்? ஆமா, ஏழு. பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க.

அப்புறம் பட்டறைக்காரன் வாயே தொறக்கல. பட்டறைக்கு வந்த வேலையெல்லாம் தள்ளி வச்சுட்டு மூணாவது வீடு கட்டுனான். நாலு காலு, இடுப்பு ஒசரத்துக்கு. கால் ஒவ்வொன்னும் தண்ணிக் கிண்ணத்துல, எறும்பு ஏறாது. தரைக்கும் வலை, எச்சம் கீழ விழ ஒரு தட்டு. கீரி வந்தா மேல பாத்துட்டுப் போக வேண்டியதுதான். கூரைக்கு மட்டும் நல்ல கனத்த இரும்புத் தகடு. நான் நிஜத்தைச் சொல்றேன், வீடு அருமையா இருந்துச்சு. அந்த அக்காவே அசந்துட்டா. அவ அசந்ததைப் பாத்ததும் இவனுக்கு வாய் திரும்பி வந்துருச்சு.

"அக்கா, யானை மேல ஏறுனாலும் அசையாது, பாக்குறியா?"ன்னு சொல்லி, சுத்தியலை எடுத்துக் கூரை மேல ஓங்கி அடிச்சான். டங்ங்ங்!

அய்யோ வடிவு. காடை பயந்தா ஓடாது. நெட்டுக்குத்தா மேல எகிறும். ஏழும் ஒரே நேரத்துல எகிறிருச்சு. டப், டப், டப், டப்! ஏழு தலையும் இரும்புல. பொத்து பொத்துன்னு கீழ விழுந்துச்சு. ஆறு தள்ளாடித் தள்ளாடி எந்திரிச்சுது. ஒன்னு எந்திரிக்கவே இல்ல.

பட்டறைக்காரன் சுத்தியலைக் கீழ போட்டான். அந்தக் காடையைக் கையில எடுத்தான். அம்புட்டுப் பெரிய கை, அதுக்குள்ள இத்தனூண்டு காடை. "கீரி ரெண்டைக் கொன்னுச்சு, இதை நானே கொன்னுட்டேனே அக்கா"ன்னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டான். அந்த அக்காவுக்கும் மனசு தாங்கல. திட்டணும்னு எடுத்த வாயை மூடிக்கிட்டா. "பண்ணைக்காரரு கூரையைப் பத்தி என்னமோ சொல்ல வந்தாருன்னு நீதானே சொன்ன, இப்பயாவது கேளுடா"ன்னா.

போன் போட்டான். அண்ணாச்சி கோவிக்கல. "தம்பி, காடை எகிறிப் பழகுன சாதி. கூரைக்கு அடியில மெத்துன்னு துணியைத் தொய்வாக் கட்டுங்க. முட்டிச்சுன்னா நோகாம கீழ வரும். அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்"னாரு. "சரிங்க அண்ணாச்சி, சரிங்க அண்ணாச்சி"ன்னு பன்னெண்டு வாட்டி சொன்னான். அவன் வாயில "சரிங்க" வந்ததை அந்த அக்கா அன்னிக்குத்தான் மொதமொதக் கேட்டா.

மக வர ஒரே ஒரு நாள்தான் பாக்கி. சாக்கைக் கட்டிப் பாத்தாங்க, சொரசொரன்னு குத்துச்சு, தூசி வேற. நைலான் வலையைக் கட்டிப் பாத்தாங்க, ஒரு காடை தலையை உள்ள மாட்டிக்கிட்டு முழிச்சுது. அப்போ அவன் பொஞ்சாதி உள்ள போனா. அலமாரியில மடிச்சு வச்சிருந்த ஒரு பழைய நூல் சேலையைக் கொண்டு வந்தா. துவைச்சுத் துவைச்சுப் பூ மாதிரி ஆன சேலை.

இவன் பதறிட்டான். "அய்யய்யோ, அது என் மகளோட தூளிச் சேலை! அவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"னான். பொஞ்சாதி, "சேலை இல்லைன்னா மிச்ச ஆறும் இல்ல. அப்ப என்ன பதில் சொல்லுவீங்க?"ன்னா. கையைப் பிசைஞ்சான், மண்டையைச் சொறிஞ்சான், அக்காவைப் பாத்தான். அக்கா, "கட்டுடா. அவகிட்ட நான் பேசிக்கிறேன்"னு வாக்குக் கொடுத்துட்டா.

ஆமாட்டி. அந்த அக்கா நான்தான். அந்தச் சேலை உன்னுதுதான். கோமதிநாயகம் யாருன்னு உனக்குத்தான் அப்பவே தெரியுமே. எந்திரிக்காத, படு, கேளு! சந்தோஷமான இடம் இனிமேதான்.

சேலையைக் கட்டியாச்சு. சரியா இருக்கான்னு பாக்கணுமே, சுத்தியலைத் தொடவே மாட்டேன்னுட்டான் உங்கப்பன். நான்தான் கரண்டியால ஒரு தட்டு தட்டுனேன். டிங்! ஆறும் எகிறிச்சு... மெத்து, மெத்து, மெத்து! சேலை ஏந்தி ஏந்திக் கீழ விட்டுச்சு. ஒன்னு இறக்கையை உதறிட்டுத் தீனி தின்னப் போயிருச்சு. உங்கப்பன் கொல்லையிலயே குதிச்சான், ஆறு காடை, அவன் ஏழு! இன்னிக்குக் காலையில பாத்தா, தீனித் தட்டோரமா ஒரு முட்டை. பெரிய நெல்லிக்கா அளவு, மேல மை தெளிச்ச மாதிரிப் புள்ளிப் புள்ளியா. யாரையும் தொட விடல உங்கப்பன். "என் மகதான் எடுக்கணும்"னுட்டான். அங்கயே இருக்கு.

நீ பொழுது சாஞ்சு வந்து எறங்குனல்ல, அப்பலேருந்து அவன் உன் முகத்தைப் பாக்காமயே சுத்துறான் பாத்தியா? பயம். யானைக்குத் தலை வலிக்கும்னவன், இந்தா, கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான், கால் தெரியுது பாரு. இப்ப நீ சொல்லு. சேலையை அவுத்துட்டு வரச் சொல்லட்டுமா?

என்னது? வேணாமா? எனக்குச் சொன்னா எப்படி, அவனுக்குக் கேக்குற மாதிரி சொல்லு.

கேட்டியாலே திரவியம்? "காடையே வச்சுக்கட்டும்"ங்கா உன் மக! மூக்கை உறிஞ்சாத, இங்க வரைக்கும் கேக்குது. போய்ப் படு.

நீ இந்தா, இன்னிக்கு என் முந்தானையைக் கட்டிக்க. ஆறு காடையும் அடைஞ்சாச்சு, அத்தை கதையும் அடைஞ்சாச்சு, ஏழாவது காடை நீதான், கண்ணை மூடு.