கிளிப் போட்டுக்கொண்ட விடைப்பக்கம்

ஒரு கல்லூரி விடுதி. அதன் இரண்டாம் மாடியில் ஒரு மேசை. அந்த மேசை மேல் பழைய தேர்வுக் கேள்விகளைச் சேர்த்துத் தைத்த ஒரு வேதியியல் புத்தகம் இருந்ததாம். புத்தகத்தில் எத்தனையோ பக்கங்கள் இருந்தாலும் கடைசிப் பக்கத்துக்குத்தான் ஏகப்பட்ட செல்வாக்கு. விடைகள் எல்லாம் அதனிடம் அல்லவா இருந்தன!

மேசைக்குச் சொந்தக்காரி யஷ்வினி. பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு முன் படிக்கிற ஓராண்டு அடித்தளப் படிப்பில் சேர்ந்திருந்தாள். மருந்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. கேள்வியைப் படிப்பாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

"செல்லம், எட்டாவது என்ன?"

"நாலு புள்ளி அஞ்சு."

"அட, இதானா! எனக்குத் தெரியும்."

கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள்.

விடைப்பக்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிடும். மற்ற பக்கங்கள் எல்லாம் மொடமொடவென்று புதுசாக இருக்க, தான் மட்டும் மூலை மடங்கி, மைலோ பானக் கறை பட்டு, விரல் அழுக்கு ஏறிக் கிடப்பதைப் பெருமையாக நினைத்துக்கொண்டது.

"பாத்தியா, என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?" என்று பென்சிலிடம் அளந்தது.

"என்னையும் கொஞ்சம் பாரு," என்றது பென்சில். "வாங்குன அன்னைக்கு என்ன உயரமோ, அதே உயரம். இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பா?"

"உனக்குப் பொறாமை."

முதல் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்தது. முப்பதுக்கு ஒன்பது.

யஷ்வினி பையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கத்து அறை ரூபினி வந்து விடைத்தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு தேர்வும் சேர்த்து முப்பது வரணும்டி. இல்லன்னா கடைசித் தேர்வுல உக்காரவே விடமாட்டாங்க. அடுத்ததுல நீ இருபத்தொண்ணு எடுத்தே ஆகணும்."

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் லா. இங்க பாத்தப்ப எல்லாமே தெரிஞ்சுச்சு. அங்க போய் உக்காந்தா ஒண்ணுமே வரல."

விடைப்பக்கத்துக்குச் சுருக்கென்றது. இங்கே பார்த்தது யாரை? தன்னைத்தானே!

தோழிகள் சாப்பிடப் போனதும் மேசை ஓரத்தில் கிடந்த, தாள்களைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு கிளிப்பைக் கூப்பிட்டது. "அண்ணே, ஒரு உதவி. என்னைக் கவ்விக்குங்க."

"ஏன், குளிருதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. புத்தகத்துல இருக்கற நாற்பது கணக்கையும் அவ போட்டு முடிக்கற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கவே கூடாது."

பக்கத்தில் கிடந்த கால்குலேட்டர் பொத்தான்கள் குலுங்கச் சிரித்தது. "நீயா? அவ ஒரு தடவை 'செல்லம்'னு கூப்பிட்டா உருகி ஓடிடுவியே."

"அதுக்குத்தானே அண்ணனைக் கூப்பிடறேன்."

யஷ்வினி திரும்பி வந்தாள். "செல்லம், முதல் கணக்கு?" என்று புத்தகத்தைத் திருப்பினாள். கிளிப் நறுக்கென்று விரலைக் கடித்தது.

"ஆ!"

"போட்டு முடி, திறக்கறேன்," என்றது கிளிப், பல்லைக் கடித்தபடியே.

"ஒரே ஒரு தடவை. ஓரத்தை மட்டுமாவது காட்டேன், செல்லம்."

உள்ளே இருட்டில் விடைப்பக்கம் தவித்துப் போயிற்று. அரை விடையாவது சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெளியே பென்சில் இருமியது.

"தெரியாது போ!" என்று வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொன்னது விடைப்பக்கம்.

யஷ்வினி கோபத்தில் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாள். அறையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு வேறு வழியில்லாமல் பென்சிலை எடுத்தாள்.

முதல் கணக்குக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதைப் போட்டாள். மூன்றாவது வந்த பிறகு இரண்டாவது தானாக வந்தது. நாள் ஆக ஆகப் பென்சில் குட்டையாகிக்கொண்டே போனது. "இளைச்சிட்டேன்! நல்லா இளைச்சிட்டேன்!" என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தது.

விடைப்பக்கத்தை ஒன்பது நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. பென்சில் கீறுகிற சத்தமும் அவள் முணுமுணுப்பும் மட்டும் கேட்கும். ஒருநாள் "வந்துருச்சு!" என்று ஒரு கத்தல் கேட்டது. தான் இல்லாமலே வந்துவிட்டதே என்று அதற்குக் கொஞ்சம் அழுகையாகக்கூட இருந்தது.

பத்தாம் நாள் நாற்பதாவது கணக்கும் முடிந்ததும் கிளிப் வாயைத் திறந்தது. யஷ்வினி தன் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தப்பானதை அங்கேயே திரும்பப் போட்டாள். பதினேழாவது கணக்கு வந்தது.

"ரெண்டாயிரத்து எண்ணூத்து இருபத்திரண்டு மில்லிலிட்டர்," என்றது விடைப்பக்கம் பழைய மிடுக்கோடு.

"எனக்கு எண்ணூறுதான் வருது."

"அப்ப உனக்குத் தப்பு. நான் யாரு? விடைப்பக்கம்."

"நானும் தட்டிப் பாத்துட்டேன். அது சொல்றதுதான் வருது," என்று ஒத்து ஊதியது கால்குலேட்டர்.

பழைய யஷ்வினியாக இருந்தால் அந்த நொடியே அழித்திருப்பாள். இவள் கேள்வியை இன்னொரு தடவை படித்தாள்.

"அறுநூறு மில்லி காத்து. அழுத்தம் மாறல. இருபத்தேழு டிகிரியில இருந்து நூத்து இருபத்தேழுக்குச் சூடாக்கறோம். அதுக்குப் போய் அஞ்சு மடங்கா ஊதிடும்? செல்சியஸை அப்படியே வச்சுப் போட்டிருக்காங்க. கெல்வினுக்கு மாத்தினா முந்நூறு, நானூறு. அப்ப எண்ணூறுதான்!"

கால்குலேட்டர் கனைத்துக்கொண்டது. "குடுத்ததைத்தான் நான் தட்டினேன். எனக்கு எதுவும் தெரியாது சாமி."

யஷ்வினி சிவப்புப் பேனாவை எடுத்து விடைப்பக்கத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 800 என்று எழுதினாள்.

மறுநாள் இரண்டாம் தேர்வு. அடுத்த வாரம் மதிப்பெண் வந்தது. படி ஏறும்போதே அவள் குரல் மேசைக்குக் கேட்டது. "இருபத்தாறு! ரூபினி, இருபத்தாறுடி!" இரண்டு பேரும் கட்டிலில் ஏறிக் குதித்த குதியில் பென்சில் உருண்டு கீழே விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரித்தது.

ஆரவாரம் அடங்கியதும் கால்குலேட்டர் மெல்லக் கேட்டது. "ஊருக்கெல்லாம் விடை சொன்ன உன்னையே அடிச்சுத் திருத்திட்டாளே. வெக்கமா இல்ல?"

விடைப்பக்கம் சிவப்புக் கோடு வெளியே தெரியும்படி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.

"இத்தனை நாள் எங்கிட்டக் கேட்டுக்கிட்டுப் போனவங்கதான் உண்டு. இன்னைக்குத்தான் ஒருத்தி எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா."