கொக்கின் அலகில் ஆலிலை

விடிந்தும் விடியாததுமாக ஆலமரத்தடியில் கொக்குகள் வரிசைகட்டி நின்றன. எல்லாம் எருமை முதுகில் ஏறி உண்ணி பொறுக்கும் உண்ணிக்கொக்குகள். மரத்தின் மேலே கொண்டையன் என்ற குரங்கு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்டில் எந்தக் கொக்கு எந்த எருமையிடம் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்வது அதுதான்.

கொண்டையன் ஒவ்வொரு கொக்குக்கும் ஓர் ஆலிலையைப் பறித்துக் கொடுக்கும்.

"இந்த இலையை எருமைக்கு முன்னால வை. அப்புறம்தான் முதுகுல ஏறணும். இலை இல்லாம போனா கொம்பால குத்திடும்! எருமைகிட்ட பேச்சுக் கொடுக்காதே. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு!"

கொக்கு இலையை வைக்கும். எருமை அதை மென்று விழுங்கும். மறுநாள் வேறு இலை, வேறு எருமை. சாயங்காலம் ஆனால், புல்லில் பிடித்த வெட்டுக்கிளியில் பாதி குரங்குக்கு. இலை பறித்துப் போடுகிற வேலைக்குக் கொழுத்த வரும்படிதான், என்ன சொல்கிறீர்கள்?

அந்த வரிசையில் வெள்ளச்சி என்றொரு கொக்கு இருந்தது. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் அதற்குத் தொண்டையில் மீன் முள் சிக்கின மாதிரி இருக்கும். அந்த வருஷமும் அதன் தலை மஞ்சளாகியிருந்தது. கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆனால் இன்று குளத்தங்கரை, நாளை மலையடிவாரம் என்று அலைகிற கொக்கு எங்கே கூடு கட்டும்? முட்டையை யார் அடைகாப்பது? மழைக்கு முன்னால் நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்காவிட்டால் இந்த வருஷமும் கூடு கிடையாது. அந்தக் கவலை வெள்ளச்சியை அரித்தது.

ஒருநாள் கொண்டையன் அதைக் குளத்தங்கரைக்கு அனுப்பியது. அங்கே மந்தைக்குத் தலைவி கரியாத்தா என்ற எருமை. வெள்ளச்சி வைத்த இலையைக் கரியாத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றது. 'ஏன் கண்ணை மூடுகிறது?' என்று வெள்ளச்சிக்குக் கேட்க ஆசை. கட்டளையை நினைத்து அடக்கிக்கொண்டது. கரியாத்தாவின் காதுக்குப் பின்னால் கொழுத்த உண்ணி ஒன்று. அதைப் பிடுங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் வெள்ளச்சி குரங்கிடம் போய் நின்றது.

"அண்ணே, இன்னைக்கும் கரியாத்தா கிட்டயே போறேனே! காதுக்குப் பின்னால ஒரு உண்ணி பாக்கி நிக்குது."

"நேத்து எருமை உனக்கு எதுக்கு? இன்னைக்கு மலையடிவாரம்!"

"அங்கேயே நிரந்தரமா இருந்துட்டா என்ன அண்ணே?"

கொண்டையனுக்குச் சுருக்கென்றது. இது நிரந்தரமாகப் போய்விட்டால் வெட்டுக்கிளி யார் கொடுப்பது? சட்டென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். கரியாத்தாவே உன்னை வேண்டாம்னுட்டா. உன் நகம் குத்துதாம். முதுகெல்லாம் எரியுதாம்!"

வெள்ளச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. பறக்கும்போதே தன் காலைக் குனிந்து குனிந்து பார்த்தது. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. 'நகம் குத்தினால் அந்த எருமை ஏன் மத்தியானம் முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கியது?'

அந்தக் கேள்வி அதை விடவே இல்லை. சில நாள் கழித்து, மலையடிவாரத்துக்கு இலையோடு போகும்போது, குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கீழே கரியாத்தா தனியாக நின்று கருவேல மரத்தில் காதை உரசிக்கொண்டிருந்தது. காது வீங்கிச் சிவந்திருந்தது. ஐயோ பாவம்!

அலகில் இருப்பது வேறு எருமைக்கான இலை. எருமையின் கொம்போ அரிவாள் மாதிரி. ஆனாலும் வெள்ளச்சிக்கு மனசு கேட்கவில்லை. சேற்றில் சற்று எட்டவே இறங்கியது.

"அக்கா! காது என்னாச்சு?"

வாயைத் திறந்ததும் இலை விழுந்து தண்ணீரில் மிதந்து போனது. வெள்ளச்சிக்கு உயிரே போய்விட்டது.

"வந்துட்டியா மகராசி! என் நாத்தம் தாங்காது, வரவே மாட்டேன்னு சொன்னியாமே!" என்றது கரியாத்தா.

"நானா? யாரு சொன்னது?"

"கொண்டையன்தான். மரத்தை முட்டி விளாம்பழம் உதுத்துத் தரச் சொல்லி வந்தானே, அப்போ சொன்னான்."

"என் நகம் குத்துதுன்னு நீங்க சொன்னதா எங்கிட்ட சொன்னாரே!"

"அடப்பாவி! உன் காலு பஞ்சு மாதிரி இருந்துச்சு. நான் தூங்கியே போயிட்டேன்!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வெள்ளச்சி மெல்லக் கேட்டது.

"இலை இல்லாம வந்துட்டேனே, குத்திடுவீங்களா அக்கா?"

"எதுக்குக் குத்தணும்? நாங்க எப்போ இலை கேட்டோம்? நீங்க ஆசையா கொண்டு வர்றீங்க. வேண்டாம்னா மனசு கஷ்டப்படுமேன்னு கண்ணை மூடிக்கிட்டு முழுங்குறோம். தூ! நாக்கெல்லாம் பிசின் மாதிரி ஒட்டுது!"

வெள்ளச்சி விழுந்து விழுந்து சிரித்தது. ஒரே தாவலில் முதுகில் ஏறி, காதுக்குப் பின்னாலிருந்த உண்ணியைப் பிடுங்கி எடுத்தது.

"அப்பாடா!" என்றது கரியாத்தா.

"அக்கா, நான் இங்கேயே நிரந்தரமா இருக்கட்டுமா? இந்தக் கருவேல மரத்துல கூடு கட்டிக்கிறேன்."

"இதைக் கேக்கணுமா? இரு, இரு! ஒண்ணே ஒண்ணு. இலை மட்டும் கொண்டு வராதே!"

சாயங்காலம் வெட்டுக்கிளியோடு வெள்ளச்சி வராததால் தேடிக்கொண்டு, கொண்டையன் மூச்சிரைக்க ஓடி வந்தது. கருவேல மரத்தில் சுள்ளியைப் பார்த்ததும் அதற்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏய் வெள்ளச்சி! கோடையில உண்ணி குறைஞ்சா இவ உன்னைத் துரத்திடுவா! அப்போ எங்கே போய் நிப்பே? எங்கிட்ட இருந்தா தினம் ஒரு எருமை!"

வெள்ளச்சி குரங்கை விட்டுவிட்டு எருமையின் பக்கம் திரும்பியது.

"துரத்துவீங்களா அக்கா?"

"நான் புல்லுல நடந்தா வெட்டுக்கிளி கிளம்பத்தானே செய்யும்? எல்லாக் காலத்துலயும் என் காலடியிலயே உனக்குச் சாப்பாடு இருக்கு. நீ பேசாம கூட்டைக் கட்டு!"

கொண்டையன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. கரியாத்தா கொம்பை லேசாக ஆட்டியது. குரங்கு இருந்த இடம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கொக்குகள் ஆளுக்கோர் இலையைக் கவ்விக்கொண்டு குளத்துப் பக்கமாகப் பறந்தன. கருவேல மரத்தில் வெள்ளச்சி சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு கொக்குக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"உன் இலை எங்கே?" என்று கேட்டது. கேட்டதும் அதன் இலையும் கீழே விழுந்தது. "ஏன், என்ன ஆச்சு?" என்று அடுத்ததும் வாயைத் திறந்தது. குளமெல்லாம் ஆலிலை மிதந்தது.

இடையில் இருப்பவர் சொல்வதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்காமல், கேட்க வேண்டியவரிடமே நேரில் வாய் திறந்து கேட்பவருக்குத்தான் நிலையான இடம் கிடைக்கும்.