கிணற்றுக்குள் கூடிய சங்கம்

சும்மா சொல்லக் கூடாது, முக்காலங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லாமல் இல்லை. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊர் நலச் சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். கூட்டம் என்றால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், சுக்குக் காப்பி வந்ததும் கலைந்துவிடுவார்கள். ஊர் நன்றாகத்தான் இருந்தது. கெட்ட காலம், 'கூட்டத்தைத் திறம்பட நடத்துவது எப்படி' என்று டவுனில் ஒரு நாள் பயிற்சி நடக்கிறது, வந்து போகவும் என்று செயலாளர் ஆவுடையப்பனுக்குக் கடிதம் வந்துவிட்டது. காலையில் போனவர் சாயங்காலம் ஒரு தயிர்சாதப் பொட்டலத்தோடும் ஐந்து விதிகளோடும் திரும்பினார். பொட்டலம் அன்றைக்கே தீர்ந்தது. விதிகள் தீரவில்லை.

ஏழு பேரும் ஒரே இடத்தில் வட்டமாக உட்கார்ந்தால்தான் கூட்டம். பட்டியலில் எழுதாததைப் பேசக் கூடாது. ஆளுக்கு இரண்டு நிமிடம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எடுத்த முடிவை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் எழுதியது எழுதியபடியே நடக்க வேண்டும்.

முதல் கூட்டத்தின் நடுவிலேயே பூதலிங்கத்தின் வைக்கோல் படப்பில் தீப்பிடித்தது. அவர் எழுந்து, "அண்ணாச்சி, என் படப்பு எரியுது" என்றார்.

ஆவுடையப்பன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் இதுல இல்லையே வே."

"இல்லைதான்" என்று ஒப்புக்கொண்டு பூதலிங்கம் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் 'இதர விஷயங்கள்' வந்ததும் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அதற்குள் படப்பு எரிந்து முடிந்திருந்ததால் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அந்த ஒழுங்கைப் பார்த்து ரொம்பப் பூரித்துப்போனவன் சொள்ளமுத்து. சங்கத்தில் ஏழாவது உறுப்பினன். வீட்டில் மனைவி வள்ளிமயில் பேச்சை மீறினாலும் மீறுவானே தவிர, நோட்டில் கையெழுத்துப் போட்ட பேச்சை மீற மாட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் மகள் செண்பகத்தை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு மணிக்குள் இரண்டு அப்பாக்களும் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நல்ல நேரம் இல்லை, அதை விட்டால் மூன்று மாதத்துக்கு நாளும் இல்லை.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குச் சொள்ளமுத்து புது வேட்டி கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனான். அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். இன்றைக்கு விசேஷமாயிற்றே, ஒருவேளை வந்திருக்கும் என்று எட்டிப் பார்த்தான். சரியாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தான்.

விழுந்த இடத்தில் முழங்கால் அளவு சேறு இருந்ததால் அடி இல்லை. ஆனால் இரண்டு ஆள் உயரச் சுவர், ஏறப் படியும் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் மேலே போகாவிட்டால் மகள் கல்யாணம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். தொண்டை கிழியக் கத்தினான்.

நல்லவேளையாகச் சங்கத்தார் ஆறு பேரும் கயிற்றோடு ஓடி வந்தார்கள். பூதலிங்கம் கயிற்றை உள்ளே விடப் போனார். ஆவுடையப்பன் அவர் கையைப் பிடித்தார்.

"என்னவே இது, தீர்மானம் இல்லாம தூக்கப் பாக்கேரு?"

"கூட்டத்தைப் போட்டுருவோம் அண்ணாச்சி."

"நாம ஆறு பேர்தான இருக்கோம். ஏழு பேர் வேணும்லா."

"ஏழாவது ஆள் எங்க?"

"கிணத்துக்குள்ள."

ஆறு பேரும் கவலையோடு நின்றார்கள். சொள்ளமுத்து கீழேயிருந்து, "நான் இங்கருந்தே பேசுதேனே" என்றான்.

"வட்டமா உக்காரணுமே. நீ எங்களுக்குக் கீழல்லா இருக்க?"

அது சொள்ளமுத்துவுக்கும் நியாயமாகப்பட்டது. அவனே வழியும் சொன்னான். "நான் அங்க வர முடியாது. நீங்க இங்க வரலாமே."

இப்படிப்பட்ட ஆளைக் கிணற்றில் வைத்திருக்கிறோமே என்று ஆவுடையப்பன் வருத்தப்பட்டார். மேலே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக நின்ற பூதலிங்கத்துக்குப் பிடிக்க ஆள் இல்லை. கயிற்றைத் தனியே விட்டுவந்தால் களவு போய்விடும் என்று அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குதித்தார்.

கூட்டம் சேற்றில் வட்டமாகத் தொடங்கியது. முதலில் போன கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசித்தார்கள், படப்பு எரிந்தது உட்பட. பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் வந்தது. ஆவுடையப்பன் கழுத்தில் அலாரக் கடிகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பத்தேமுக்கால் ஆகிவிட்டது.

சுடலைக்கண்ணு என்பவர் எழுந்து எதிர்த்தார். "இன்னைக்கு இவனத் தூக்குனா, நாளைக்கு விழுதவன் எல்லாம் தூக்கச் சொல்லுவான்."

"விழாதவன் சொல்ல மாட்டான்லா?" என்றான் சொள்ளமுத்து.

"அதுவும் சரிதான். நான் ஒத்துக்கிடுதேன். ஆனா எனக்கு இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்கு." ஒன்றரை நிமிடமும் நின்றார். சொள்ளமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையோடு கேட்டான்.

பதினொன்றேகாலுக்குத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'சொள்ளமுத்துவைக் கயிறு கட்டி மேலே இழுப்பது. இழுக்கும் பொறுப்பு மற்ற ஆறு பேருக்கு.' ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சொள்ளமுத்துவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஆறு பேரும் ஒரு பக்கமாக நின்று இழுத்தார்கள். அவன் விறுவிறுவென்று வந்து அவர்கள் மேல் மோதினான்.

"ஆள் நகருதான், வேலை நடக்கு" என்றார் பூதலிங்கம்.

மற்ற மூன்று பக்கமும் போய் இழுத்தார்கள். அங்கேயும் வந்தான். "நாலு பக்கமும் இழுத்தாச்சு அண்ணாச்சி. மேல் பக்கம் ஒண்ணுதான் பாக்கி."

"அந்தப் பக்கம் நின்னு இழுக்க ஆள் இல்லையே வே."

அந்த நேரத்தில் மேலே வள்ளிமயில் தலை தெரிந்தது. பக்கத்தில் சம்பந்தியாகப் போகிற வேலாண்டி, கையில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு நின்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாகச் சொள்ளமுத்துவோடு குடித்தனம் நடத்துகிற வள்ளிமயிலுக்குக் கேட்க என்ன இருக்கிறது? ஏணியைக் கொண்டுவந்து இறக்கினாள். ஏழு பேரும் ஏறி வந்தார்கள். கயிறு கீழேயே கிடந்தது. மணி பதினொன்றே முக்கால்.

சொள்ளமுத்து சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தட்டை வாங்கப் போனான். ஆவுடையப்பன் நோட்டை விரித்தார்.

"சொள்ளமுத்து, கயிறு கட்டி இழுப்பதுன்னு போட்டிருக்கு. நீ ஏணியில வந்திருக்க."

சொள்ளமுத்து தன் கையெழுத்தைக் குனிந்து பார்த்தான். அவன் போட்டதுதான். "அப்போ நான் இன்னும் வெளிய வரலையா அண்ணாச்சி?"

"கணக்குப்படி உள்ளதான் இருக்க."

"ஏங்க, மணியப் பாத்தியளா? மொதல்ல தட்ட மாத்துங்க" என்றாள் வள்ளிமயில்.

சொள்ளமுத்து கண் கலங்கிவிட்டான். ஒரு பக்கம் மகள் கல்யாணம், ஒரு பக்கம் கையெழுத்து. வேலாண்டியைப் பார்த்துக் கை கூப்பினான். "காலையில போட்ட கையெழுத்த மத்தியானம் மீறுனா, நாளைக்கு என் மக விஷயத்துல நான் சொல்லுத சொல்ல நீங்க எப்படி நம்புவிய?" சொல்லிவிட்டு ஏணி வழியாகக் கிணற்றுக்குள் இறங்கினான்.

வேலாண்டி அசந்துபோனார். "இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். இறங்க வேண்டிய இடத்துல கேக்காம இறங்குனவர் இவர் ஒருத்தர்தான். சம்பந்தம் பண்ணுனா இந்த வீட்டுலதான்" என்றார். நல்ல நேரம் போய்விடக் கூடாது என்று வள்ளிமயிலிடம் பெண் வீட்டுத் தட்டையும் வாங்கிக்கொண்டு இரண்டு தட்டோடும் அவரும் இறங்கினார். சேற்றில் நின்று இருவரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. மேலே வள்ளிமயில் குலவையிட்டுவிட்டு, இலை போட வீட்டுக்குப் போனாள்.

சொள்ளமுத்து சந்தோஷமாகக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இழுங்க" என்றான்.

ஆறு பேரும் கையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு தேடினார்கள். "வே, கயித்தோட மறுநுனி எங்க?"

"இங்கதான் கெடக்கு. கீழயே கெடந்தா சேறாயிரும்னு பாக்கேன்."

"குடுங்க சம்பந்தி, அது என் பொறுப்பு" என்று வேலாண்டி வாங்கித் தன் இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினார். ஏணி இடைஞ்சலாக இருந்ததால் அதைத் தூக்கி மேலே கொடுத்தார். பிறகு மேலே பார்த்து நீளமாக விசில் அடித்தார்.

"ரெண்டு நுனியும் பத்திரமா இருக்கு. இழுக்கலாம், ரைட்."