இருபத்தைந்தாவது சுற்று

“மனசு ஆற மாட்டேங்குது, சாமி. ஏதாவது வழி சொல்லுங்க” என்றார் தாவீது மாஸ்டர்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தெட்டு. சாமிக்கு முப்பத்தாறு. தன்னைவிடச் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்க மாஸ்டருக்குக் கூச்சம்தான். ஆனால் அந்தத் தீவில் சாமி என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். வேறு ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும்.

அவ்வளவு சின்ன நாடு. வரைபடத்தில் நாட்டை ஒரு புள்ளியாக வைத்துவிட்டுப் பெயரைக் கடலில் எழுதியிருப்பார்கள்.

அந்த நாட்டிலிருந்து ஆசியப் போட்டிக்கு ஐந்து பேர் போனார்கள். அதில் பெண் ஒருத்திதான், பிலோமி. பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். எட்டு வருடமாக அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் தாவீது மாஸ்டர்.

“பத்தாயிரம் மீட்டருன்னா எவ்வளவு தூரம்?” என்று கேட்டார் சாமி. அவர் விளையாட்டு அரங்கம் எதையும் பார்த்தவரில்லை.

“இருபத்தஞ்சு சுத்து, சாமி.”

“யாரு எண்ணுவா?”



“அங்க ஆளுங்க உண்டு. அவங்க பாஷை நமக்குப் புரியாது. ஓடுற பிள்ளைக்கு மூச்சு வாங்கும், கணக்கு நிக்காது. அதனால நான் வேலி ஓரமா அட்டையோட நிப்பேன். இன்னும் எத்தனை பாக்கின்னு காட்டுவேன். அவ அதைப் பாத்து ஓடுவா.”

“காட்டினீங்களா?”

“காட்டினேன். தப்பாக் காட்டிட்டேன்.”

சாமி ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தார்.

தீவில் ஓடுதளம் கிடையாது. பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாடு குறுக்கே வந்தால் ஒதுங்கி, பிலோமி அங்கேதான் ஓடிப் பழகினாள். மாஸ்டர் ஓரமாக நின்று எண்ணுவார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு எண்ணுவார். ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்றைக்குத் தப்பிவிட்டது.

ஜெயித்த பெண் கோட்டைத் தாண்டும்போது பிலோமிக்கு இன்னும் ஐந்து சுற்று பாக்கி இருந்தது. அரங்கமே எழுந்து நின்று கத்தியது. மாஸ்டரும் கத்தினார். அந்த வீராங்கனையை அவர் பத்து வருடமாகப் பத்திரிகையில் மட்டும் பார்த்தவர். இப்போது அவள் தன் நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு வேலி ஓரமாக நடந்து போனாள். மாஸ்டர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

திரும்பி வந்தபோது எத்தனை சுற்று போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. பிலோமி வந்துகொண்டிருந்தாள். எதையாவது காட்டியாக வேண்டும். ஒன்று என்று காட்டினார்.

பாக்கி இருந்தது இரண்டு.

அவள் ஒரு சுற்று ஓடினாள். நின்றுவிட்டாள். அதிகாரி ஒருவர் பதறிக்கொண்டு வந்து ஒரு விரலைக் காட்டினார். அவள் தலையை அசைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

முடிவுப் பட்டியலில் மற்றவர்களுக்கெல்லாம் நேரம் போட்டிருந்தது. பிலோமியின் பெயருக்கு நேராக, ‘முடிக்கவில்லை’ என்று இருந்தது. முடித்திருந்தாலும் கடைசிதான். ஆனால் அந்த நாட்டுப் பெண் ஒருத்தி அந்த ஓட்டத்தை முடித்தாள் என்று எழுதியிருப்பார்கள். அதுவரை யாரும் முடித்ததில்லை.

“ஊருக்கு வந்ததும் விளையாட்டுச் சங்கத்துல விசாரிச்சாங்க, சாமி. தான்தான் தப்பா எண்ணிட்டதா அவ பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா. நான் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தண்ணி குடிச்சேன்.”

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

“மூணு மாசம் ஆச்சு” என்றார் மாஸ்டர். “வெள்ளிக்கிழமை சங்கம் கூடுது. எண்ணத் தெரியாத பிள்ளையை இனிமே எதுக்கு அனுப்பணும்னு அவ பேரை எடுக்கப் போறாங்க. உண்மையைச் சொன்னா என்னை எடுத்துடுவாங்க. முப்பது வருஷமா இதே வேலை. இதை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“சரி, என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“அதான் சொன்னேனே, சாமி. மனசு ஆறணும்.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

“அட்டையை இடுக்கிட்டு ஓடினீங்களே. எதுக்கு?”

மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது.

“ஒரு செல்ஃபி எடுக்க.”

“இருக்கா?”

“அழிக்க மனசு வரலை.”

மாஸ்டர் போனை எடுத்துக் காட்டினார். கொடி போர்த்திய வீராங்கனை. அவள் பக்கத்தில் மாஸ்டர். முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

சாமி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மாஸ்டரின் முகம் திரையை விட்டு நகர்ந்தது. வீராங்கனையும் நகர்ந்துவிட்டாள். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், நீலப் பனியன் போட்ட ஒரு சின்ன உருவம் மட்டும் மிஞ்சியது.

“இது யாரு?”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இந்த மூன்று மாதத்தில் அந்தப் படத்தை நூறு தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பார். அந்த மூலையைப் பார்த்ததே இல்லை.

பிலோமி ஓடிக்கொண்டிருந்தாள். முகம் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“இது எத்தனையாவது சுத்து?” என்று கேட்டார் சாமி.

“தெரியலையே, சாமி.”

“போய்க் கேட்டுட்டு வாங்க.”

“அவளுக்கு எப்படித் தெரியும்? ஓடுற பிள்ளைக்குக் கணக்கு நிக்காதுன்னு…”

சாமி கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.


பிலோமிக்குப் படகுத்துறையில் வேலை. லாஞ்சில் ஏறுகிறவர்களை எண்ணி அனுப்ப வேண்டும். நாற்பது பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. துறையில் எத்தனையோ பேர் இருக்க, அந்த வேலையை அவளை நம்பித்தான் கொடுத்திருந்தார்கள். இது மாஸ்டருக்கு முன்பே தெரியும். ஆனால் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏறியது. பெட்டி, சைக்கிள், கூடைக்குள் கோழி. நடுவில் பிலோமியின் குரல் மட்டும் அசையாமல் கேட்டது.

“முப்பத்தொம்பது. நாப்பது. அவ்வளவுதான் அண்ணே, அடுத்த லாஞ்சுல வாங்க.”

“ஒரு ஆளுதானே, பிலோமி?”

“அப்புறம் நாப்பத்தொண்ணு ஆயிருமே, அண்ணே.”

லாஞ்சு கிளம்பிப் போயிற்று. அவள் மாஸ்டரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“என்ன மாஸ்டர், இந்தப் பக்கம்?”

வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். போனை நீட்டினார்.

“இதுல நீ எத்தனையாவது சுத்து ஓடுற?”

அவள் படத்தை ஒரு தடவைதான் பார்த்தாள்.

“இருபத்தொண்ணு.”



“நான் ஒண்ணுன்னு அட்டை காட்டினப்ப?”

“ரெண்டு பாக்கி.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும், மாஸ்டர்.”

“அப்புறம் ஏன் நின்ன? அந்த ஆளு வந்து விரலைக் காட்டினாரே! விசாரணையில வேற உன் தலையில போட்டுக்கிட்ட. ஏன் பிள்ளை?”

 அவள் லாஞ்சைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“கூட்டமெல்லாம் எழுந்து போயிட்டிருந்துச்சு” என்றாள் பிறகு. “நாற்காலியைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த போட்டிக்காரங்க ஓரமா நின்னு கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தாங்க. நான் ஒருத்திதான் ஓடிக்கிட்டிருந்தேன். நீங்க ஒண்ணுன்னு காட்டினீங்க.”

“நான் கணக்கை விட்டுட்டேன், பிலோமி” என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டதும் அழுகை வந்துவிட்டது. “படம் எடுக்கப் போயிட்டேன். திரும்பி வந்து குத்துமதிப்பா ஒண்ணைக் காட்டினேன். நடந்தது அதுதான். வெள்ளிக்கிழமை சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்.”

அவள் கை நின்றது.

“கணக்குத் தப்பிடுச்சா?” என்றாள். “எட்டு வருஷத்துல உங்களுக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லையே, மாஸ்டர். நான் ஓடுறதைப் பாக்க உங்களுக்கு வெக்கமா இருக்கு, போதும் நிறுத்துன்னு சொல்றீங்கன்னுதான் நான் நெனச்சேன்.”